ஓடியதாக எழுதப்பட்ட ஏழு பேர்

உங்கள் அப்பா, மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஓடிப்போனவர் என்று அரசாங்கமே எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? மறுப்பேன் என்று மார்தட்ட வேண்டாம். நம்பிவிடுவீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்கிற நாம், முத்திரை சொன்னால் வாயை மூடிக்கொள்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படி அறுபது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது.

அந்தக் குடும்பத்தின் மூத்த மகளைக் கண்டக்டரம்மா என்று சொன்னால்தான் எங்கள் தெருவில் தெரியும். பேருந்தில் நடத்துநராக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். குரல் இன்னும் பெறவில்லை. பால் வாங்கும் வரிசையில் யாராவது இடையில் நுழைந்தால், "ஏம்ப்பா, படியில தொங்கறவன்லாம் முன் சீட்டுக்கு வந்தா எப்படி?" என்று ஒரு சத்தம் வரும். நுழைந்தவர் தானாகக் கடைசிக்குப் போய்விடுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டால், "பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாம் அப்பா எங்கன்னு கேட்டாங்க. எனக்கும் அதேதான் தெரியணும்னு சொன்னேன். அதோட காப்பியக் குடிச்சிட்டுப் போயிட்டாங்க" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். கேட்டவர்கள் சிரித்ததில்லை.

மூன்றாம் மாடியில் ஒன்றரை அறை. ஒரு அறையில் அம்மா; அரை அறையில் மகள். அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. இரண்டு தெரு தள்ளித் தம்பி பெயின்ட் கடை வைத்திருந்தார். அப்பா காணாமல் போனபோது அக்காவுக்கு இரண்டு வயது. தம்பி அம்மாவின் வயிற்றில்.

அப்பாவுக்கு யுத்தக் கப்பலில் வேலை. பீரங்கி பக்கம் அல்ல; கப்பலின் அடிவயிற்றில், கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. சட்டை போட முடியாத சூடு. துறைமுகத்தை ஒட்டியிருந்த கடற்படைக் குடியிருப்பில் குடும்பம் இருந்தது. ஒரு நாள் மறுநாள் காலை வரை விடுப்பு என்று வீட்டுக்கு வந்தார். சீருடையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மதியம் சாப்பிட்டார். குழந்தைக்கு இருமல். "மருந்து வாங்கிட்டு வந்துடறேன், கதவைத் தாழ் போடாதே" என்று சொல்லிவிட்டு வீட்டுச் சட்டையோடு இறங்கிப் போனார். அவ்வளவுதான். 

கப்பல் மறுநாள் காலை கிளம்பியது. மூன்றாம் நாள் நடுக்கடலில் குண்டு பட்டு மூழ்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை. குடியிருப்பில் வீட்டுக்கு வீடு தந்தி வந்தது, "நாட்டுக்காக உயிர்நீத்தார்" என்று. இந்த வீட்டுக்கு மட்டும் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். உங்கள் கணவர் விடுப்பு முடிந்து கப்பலுக்குத் திரும்பவில்லை, ஓடிவிட்டார், எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டார்கள். ஆணியில் தொங்கிய சீருடையை ஓடியதற்குச் சாட்சி என்று சுருட்டி எடுத்துக்கொண்டார்கள். 

புருஷனை இழந்த அத்தனை பெண்களுக்கும் நடுவில், புருஷன் தப்பித்துவிட்ட ஒருத்தி. என்ன நடந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டுமா? குழாயடியில் அவள் குடத்தை உதைத்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி என்றும் பார்க்காமல் முகத்துக்கு நேரே துப்பினார்கள். மாதம் முடிவதற்குள் குடியிருப்பிலிருந்து வெளியேற்றினார்கள். உதவித்தொகை கிடையாது. போன இடத்திலும் செய்தி கூடவே வந்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பட்டப்பெயர்: ஓடுகாலி பெற்றது.

அரசாங்கம் பாதி வேலையைச் செய்தது. மீதியை ஒரு ஜோசியக்காரர் செய்தார். கண்ணை மூடிக்கொண்டு, "உசுரோடதான் இருக்கான். தெக்கே, தண்ணிக்கரை ஊர். பக்கத்துல ஒரு பொம்பளை, ரெண்டு குழந்தை" என்றார். செத்தவனுக்குக் குடும்பம் அமைத்துக் கொடுத்த அந்த ஞானதிருஷ்டியைப் பற்றி என்ன சொல்ல! முன்னது முத்திரை, பின்னது கண்மூடி. இரண்டும் ஒன்றையே சொன்னதால் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. அதன் பிறகு காலையில் அடுப்பு மூட்டும்போதெல்லாம் ஒரு வசவு. "இப்ப எவ கையால காப்பி குடிக்கிறானோ! அந்தக் கை விளங்காமப் போக." அக்காவும் தம்பியும் அந்த வசவைக் கேட்டுத்தான் கண்விழித்து வளர்ந்தார்கள்.

கண்டக்டரம்மா ஓய்வு பெற்ற வருஷம், யுத்தக் காலப் பணிப்பதிவுகளைக் குடும்பத்தார் பார்க்கலாம் என்று செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு வந்தது. அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு தம்பியின் கடைக்குப் போனார்.

"எதுக்குக்கா இப்போ? விட்டுத் தொலை" என்றார் தம்பி, டப்பாவைக் கலக்கியபடி.

"ஆளைக் கண்டுபிடிக்கணும்டா."

"இருந்தா தொண்ணூறு வயசு கிட்ட இருக்கும் அந்தாளுக்கு."

"செத்திருந்தா புதைச்ச இடத்துல போய் நின்னு கேக்கறேன். கதவைத் தாழ் போடாதேன்னு சொல்லிட்டுப் போனியே, ஏன்யா வரலைன்னு. ஒரே கேள்வி. அதைக் கேக்காம நான் சாகறதா இல்ல."

ஆக, அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற அவர் கிளம்பவில்லை. குற்றவாளியைப் பிடிக்கத்தான் கிளம்பினார். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பாசத்தால் கண் மறைந்து, தனக்கு வேண்டியதை ஆவணத்தில் கண்டுபிடித்துக்கொண்டார் என்று பிற்பாடு ஓர் அதிகாரி எழுதினார். 

பதிவறை ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில்தான். மேசை விளக்குகளில் பாதி எரியாது. அங்கிருந்த குமாஸ்தாவுக்கு மூக்குக்கண்ணாடி நெற்றியில்தான் இருக்கும். அதைத் தேடிக்கொண்டே இருப்பார். மூன்று முறை நடையாய் நடந்த பிறகு அப்பாவின் பதிவை எடுத்து வந்து வைத்தார். 

இரண்டே தாள். உயரம், மார்பளவு, கண்ணின் நிறம். இடது மணிக்கட்டில் தீக்காயத் தழும்பு. ஒவ்வொரு வருஷமும் நடத்தை: மிக நன்று. திறமை: நன்று. கடைசி வரி மட்டும் சிவப்பு மை. விடுப்பிலிருந்து திரும்பவில்லை, ஓடிப்போனவர்.

கண்டக்டரம்மா உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னைவிட ரெண்டு விரல்தான் உசரம்" என்றார். "நான் பெரிய ஆள்னு நெனச்சிட்டு இருந்தேன்."

குமாஸ்தா ஆறுதல் சொல்ல நினைத்தார். "ஒரு வகையில அதிர்ஷ்டக்காரர்மா. அன்னைக்குக் கப்பல் ஏறியிருந்தா மூணாம் நாளே மீனுக்குத்தான்."

"அதிர்ஷ்டம் அவருக்கு, சார். பில்லு எங்களுக்கு." பிறகு கேட்டார்: "தனியாவா ஓடினாரு? கூட்டாளி யாராவது உண்டா? கூட ஓடினவன் வீட்டுல கேட்டா, எந்தப் பக்கம் போனாங்கன்னு துப்புக் கிடைக்கும்."

குமாஸ்தாவுக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. அதுவரை யாரும் கேட்டதில்லையாம். எல்லாரும் தங்கள் ஆளின் தாளைப் பார்ப்பார்கள், அழுவார்கள், போய்விடுவார்கள். அதே கப்பலில், அதே நாளில், சிவப்பு மை வாங்கியவர்களின் தாள்களை அவர் தேடி எடுக்கச் சில வாரங்கள் ஆயின. அப்பாவையும் சேர்த்து ஏழு பேர். மற்ற ஆறு பேரின் குடும்பங்களும் வெளியூர்களில்; கடற்படைக் குடியிருப்பில் இருந்தது அப்பாவின் குடும்பம் மட்டும்தான்.

கண்டக்டரம்மாவுக்கு ஒரே குஷி. ஏழு பேர் என்றால் ஏழு துப்பு. பென்சிலை நக்கிக்கொண்டு ஒவ்வொரு தாளாக எழுதிக்கொண்டே வந்தவர் நான்காவது தாளில் நின்றார். முதல் தாளுக்குத் திரும்பினார். ஏழையும் வரிசையாகப் பரப்பி வைத்தார்.

"சார், அந்தக் கப்பல்ல எத்தனை விதமான வேலை இருக்கும்?"

"சமையல், பீரங்கி, சிக்னல், மருந்து, தச்சு... என்னென்னவோ இருக்கும்மா."

"அப்போ இந்த ஏழு பேரும் ஏன் கரி போடற ஆளாவே இருக்காங்க?"

குமாஸ்தா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். 

"ஒரு சமையல்காரன் ஓடலை. ஒரு பீரங்கிக்காரன் ஓடலை. கரி போடறவன் மட்டும் ஏழு பேர். அதுவும் ஏழு பேரும் ஒரே ஷிஃப்ட்டுன்னு போட்டிருக்கு. சார், ஒரு ஸ்டாப்புல ஏழு பேர் டிக்கெட் இல்லாம இறங்கினா, ஏழு பேரும் திருடன்னு நான் நினைக்க மாட்டேன். டிக்கெட் கொடுக்கறவன் தூங்கிட்டான்னுதான் நினைப்பேன்."

குமாஸ்தா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "இதுக்குப் பதில் எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார்" என்று ஒரு முகவரியை எழுதிக் கொடுத்தார். நேர்மையான மனிதர், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் குமாஸ்தாவை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

அந்த முகவரியில் இருந்தவர் அதே யுத்தத்தில் வேறு ஒரு கப்பலில் இளநிலை இன்ஜினியராக இருந்தவர். வாசலிலேயே, "கத்திப் பேசுங்க. என் காதை பாய்லர் தின்னுடுச்சு" என்றார். கண்டக்டரம்மாவைப் பார்த்து அப்படிச் சொன்ன முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். கதை முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னது இது.

கரைக்குப் போகிற ஒவ்வொரு மாலுமிக்கும் ஒரு பித்தளை வில்லை உண்டு. அதில் அவருடைய எண் இருக்கும். துறைமுக வாசலைத் தாண்டும்போது காவலரிடம் கொடுத்தால் அதைப் பலகையில் மாட்டுவார். திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். கப்பல் கிளம்பும் நேரத்தில் பலகையில் யாருடைய வில்லை தொங்குகிறதோ அவர் திரும்பாதவர். 

"ஆனா பாய்லர் ஆளுங்க கதை வேறம்மா. கப்பல் காலையில கிளம்பணும்னா முந்தின நாள் மதியமே அடுப்பைப் பத்த வைக்கணும். ஆறிப்போன பாய்லர்ல நினைச்ச உடனே நீராவி வராது. திடீர்னு கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தா என்ன பண்ணுவோம்? ஆள் விட்டுத் தெருத் தெருவாத் தேடி, கிடைச்ச கரிக்காரனை எல்லாம் கடையில இருந்து, சலூன்ல இருந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டு வருவோம். வாசல் பக்கம் போறதே இல்ல. தண்ணி ஏத்திட்டுப் போற படகு வெளியில ஒரு படித்துறையில நிக்கும். அதுல ஏத்தி நேரா கப்பலுக்கு."

"வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு வர விட மாட்டீங்களா?"

"கப்பல் கிளம்புற நேரம் ரகசியம். சொன்னா ஜெயில்."

"சட்டை? சீருடை?"

"கீழ யாரும்மா சட்டை போட்டா? கோவணம் இருந்தாப் போதும்."

"அப்போ வில்லை?"

கிழவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பலகையிலேயே தொங்கும். ஒவ்வொரு தடவையும் தொங்கும். வாசல்காரன் ஓடிட்டான்னு எழுதுவான். அடுத்த துறைமுகத்துக்குப் போனதும் கப்பல்ல இருந்து ஆள் பட்டியல் அனுப்புவோம். வந்தவங்க பேரை எல்லாம் அடிச்சுடுவாங்க. என் பேரையே ரெண்டு தடவை ஓடிப்போனவன்னு எழுதி அடிச்சிருக்காங்க. அதைச் சொல்லிச் சிரிப்போம்."

இந்தக் கப்பல் அடுத்த துறைமுகத்துக்குப் போகவில்லை. பட்டியல் வரவில்லை. அடிக்க வேண்டிய சிவப்பு வரியை யாரும் அடிக்கவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு ஷிஃப்ட் ஆட்கள் முழுவதுமாக வராவிட்டால் எந்தக் கேப்டன் யுத்தத்துக்குக் கப்பலை எடுப்பார்? மாற்று ஆள் கேட்டிருக்க வேண்டும். கேட்டதாகவோ கொடுத்ததாகவோ ஒரு வரி கிடையாது. மூன்று நாள் அந்தக் கப்பல் கடலில் ஓடியிருக்கிறது. அந்த ஷிஃப்ட்டில் அடுப்புக்குக் கரி போட்டது யார், பேயா? பேனாவைப் பிடித்தவர் ஒரு நிமிஷம் மூளையையும் பிடித்திருந்தால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அறுபது வருஷம் எவரும் கேட்கவில்லை.

கண்டக்டரம்மா வீட்டுக்கு வந்தார். அம்மாவிடம் சொல்லவில்லை. "அம்மா என் பேச்சை நம்பாது. முத்திரையைத்தான் நம்பும்" என்று என்னிடம் வந்தார். இருவருமாக உட்கார்ந்து மனு எழுதினோம். கோடு அடித்து, தவறென்று எழுதி, முத்திரை குத்தித் தாருங்கள். அம்மா உயிரோடு இருக்கும்போதே தாருங்கள் என்று. கிழவர் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார். குமாஸ்தா ஏழு தாளுக்கும் நகல் எடுத்துக் கொடுத்தார். 

பதில் வர ஒரு கோடை போனது. மனுதாரரின் உணர்வுகளை மதிக்கிறோம். பாசத்தால் மனுதாரர் ஆவணத்தில் இல்லாததைக் காண்கிறார். பதிவை மாற்ற நேரடிச் சான்றாகக் கப்பலின் ஆள் பட்டியலை இணைக்கவும். 

கடலுக்கு அடியில் கிடக்கிற காகிதத்தை எடுத்துக் கொண்டுவரச் சொல்கிறார்கள்! ஒருவன் ஓடியதற்குச் சான்று, பலகையில் தொங்கிய ஒரு வில்லை போதும். ஓடவில்லை என்பதற்குக் கப்பலையே தூக்கி வர வேண்டும். இதற்குப் பெயர் நடைமுறையாம்.

அம்மாவுக்கு அதற்குள் நடமாட்டம் குறைந்துவிட்டது. வசவு மட்டும் குறையவில்லை. இனி முத்திரைக்குக் காத்திருக்க முடியாது என்று அக்கா முடிவு செய்தபோது தம்பி குறுக்கே நின்றார்.

"வேண்டாங்கா. அந்தாளைத் திட்டற தெம்புலதான் அம்மா எழுந்து உக்காருது. அதையும் புடுங்கிட்டா என்ன இருக்கு?"

"பொய்யில உக்காந்திருக்குடா."

"இருந்துட்டுப் போகட்டுமே! உனக்கு உண்மை வேணும், உனக்குக் கிடைச்சாச்சு. அதுக்கு வேணுமான்னு கேட்டியா?"

"உனக்கு அப்பா வேணாமா?"

"எனக்கு அந்த முகமே தெரியாது. எனக்குத் தெரிஞ்சது அம்மாதான்."

தம்பி சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் கண்டக்டரம்மா மறுநாள் காலை, காப்பி கொடுக்கும்போது வசவு தொடங்குவதற்கு முன் சொன்னார். வில்லை, படகு, ஏழு பேர், எல்லாம். அம்மா டம்ளரைக் கையில் வைத்தபடியே கேட்டார். 

நம்பமாட்டார் என்று மகள் நினைத்திருந்தார். அம்மா உடனே நம்பினார். அதுதான் பயங்கரம்.

"சவரக் கத்தியை வெச்சிட்டுப் போயிருந்தார்" என்றார் அம்மா. "அந்தாளு சவரம் பண்ணாம ஒரு நாள் இருந்ததில்ல. ஓடிப்போறவன் சவரக் கத்தியை விட்டுட்டா போவான்னு எனக்கு அன்னைக்கே தோணிச்சு. முத்திரை போட்டு எழுதிட்டாங்களே, நமக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்."

பிறகு, "கீழதானே இருப்பார்?" என்றார்.

"ஆமாம்மா."

"ஏணி வழியாத்தான் மேல வரணும் இல்ல?"

கிழவரிடம் அதை மகளும் கேட்டிருந்தார். கொதிகலன் அறையில் இருப்பவர்களுக்கு மேலே வர நேரமே இருக்காது என்று அவர் சொல்லியிருந்தார்.

"அறுபது வருஷம்டி. தினமும் திட்டினேன். செத்துக் கிடந்தவரைத் திட்டியிருக்கேன். அந்தக் கை விளங்காமப் போகணும்னு எவளையோ திட்டினேன். எவளும் இல்லவே இல்ல." டம்ளரை நீட்டினார். "இதை எடுத்துட்டுப் போ. வேண்டாம்."

மறுநாள் காலை அந்த வீட்டில் சத்தமே இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். ஒரு முறை, "இருமல் மருந்து வாங்கிட்டாரா, வாங்கறதுக்கு முன்னாடியே பிடிச்சிட்டாங்களா?" என்று கேட்டார். யாருக்குத் தெரியும்? மாரிக்காலம் தொடங்குவதற்குள் இறந்துபோனார். 

பிணம் எடுத்த அன்று எல்லார் முன்னாலும் தம்பி, "நீதாங்கா கொன்னுட்டே" என்றார். இன்றுவரை அவர்களுக்குள் பேச்சு இல்லை. தம்பி கடையிலிருந்து பார்த்தால் அக்கா நிற்கும் பேருந்து நிறுத்தம் தெரியும். அக்கா நிறுத்தத்தை மாற்றிக்கொண்டார்.

அந்தத் தாயைக் கொன்றது மகள் சொன்ன உண்மை என்று நீங்களும் நினைத்தால் உங்களோடு எனக்குச் சண்டை உண்டு. சிவப்பு மை தொட்டு ஒரு வரி எழுதியவர், அதைச் சரிபார்க்காமல் வைத்திருந்தவர்கள், சான்று கொண்டா என்று கேட்டவர்கள் எல்லாரும் நன்றாகத் தூங்கியவர்கள். உண்மை தாமதமாக வந்ததற்கு, அதை முதலில் தேடியவளா குற்றவாளி? 

கண்டக்டரம்மா இப்போது மற்ற ஆறு குடும்பங்களைத் தேடுகிறார். இரண்டு வீடுகளைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு வீட்டில், "அந்த நாய் பேரை இங்க எடுக்காதீங்க" என்று கதவைச் சாத்தினார் ஒரு மகன். சாத்திய கதவுக்கு வெளியே நின்று, டிப்போ அதிரக் கத்திப் பழகிய குரலில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் படி இறங்கினார். பாதி வழியில் கதவு திறந்ததாம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் நான்கு வீடு பாக்கி. பதிவில் உள்ள முகவரிகளில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்த நான்கில் ஒன்று உங்கள் வீடாக இருக்கலாம். இல்லாவிட்டாலும், யுத்தத்தில் ஓடிப்போனவர் என்று சொல்லி, புகைப்படம் மாட்டாமல், பெயரைச் சொல்லாமல் ஒதுக்கி வைத்த ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருக்கலாம். அவருடைய பதிவைக் கேட்டு எழுதுங்கள். அவர் தாளோடு நிறுத்தாதீர்கள். அதே நாளில், அதே கப்பலிலிருந்து வேறு யார் யார் ஓடியதாக எழுதியிருக்கிறார்கள், அவர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்று கேளுங்கள். தர முடியாது என்றால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். அவருக்காகக் கதவைத் தாழ் போடாமல் காத்திருந்தவர் யாராவது உங்கள் வீட்டில் இன்னும் மூச்சோடு இருந்தால், இந்த வாரமே கேளுங்கள்.